வேங்கடத்துக் காற்று

திருமலைக்குப் போய்வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் கோயிலையும் கோனேரியையும் லட்டுப் பிரசாதத்தையும் நெஞ்சில் சுமந்துகொண்டு கீழே இறங்குகிறார்கள். பாபவிநாசனத்துக்குச் செல்லும் பாதையில், அடர்ந்த காட்டின் முகடுகளுக்கு மேலே, வெள்ளை உடம்பும் மூன்று நீண்ட கைகளுமாக நின்று சுழலும் காற்றாலைகளையோ, பஸ் ஜன்னல் வழியே ஒரு கணம் பார்த்து, மடியிலிருக்கும் குழந்தைக்கு 'அதோ பார், காத்தாடி' என்று காட்டிவிட்டு, அடுத்த வளைவிலேயே மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோதுதான், இந்த மலைக்கும் காற்றுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று முளைத்ததன்று என்ற எண்ணம் தோன்றி, திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆதிசேஷனுக்கும் வாயுபகவானுக்கும் தம்முள் யார் பலசாலி என்ற வாக்குவாதம் ஒருநாள் மூண்டது என்றும், மேருவைச் சேர்ந்த ஒரு சிகரத்தைச் சேஷன் தன் உடலால் சுற்றி இறுகப் பிணித்துக்கொள்ள, வாயு தன் முழு வலிமையையும் கூட்டி வீசியபோது அந்தச் சிகரம் சேஷனோடு பெயர்ந்து வந்து பொன்முகலியாற்றின் பக்கத்தில் விழுந்தது என்றும், அதுவே இன்றைய சேஷாசலம் என்றும் ஸ்தல புராணம் சொல்லும். கதையில் பாடபேதங்கள் உண்டு, அவற்றில் புகவேண்டியதில்லை. அந்தப் பொன்முகலியின் கரையிலேயே, திருப்பதியிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர் தொலைவில், ஐம்பூதத் தலங்களுள் வாயுவுக்கு உரியதான திருக்காளத்தி இருக்கிறது. காற்றுப் புகுவதற்கு வழியில்லாத கருவறையில் மற்றத் தீபங்கள் நிலைத்து நிற்க, ஒரு தீபம் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதைப் பக்தர்கள் கண்டு கைகூப்புகிறார்கள். மலையைக் கொண்டுவந்து போட்டதும் காற்று, அடிவாரத்து ஆற்றங்கரையில் லிங்கமாக நிற்பதும் காற்று என்று கொண்ட ஒரு பிரதேசத்தில், முகட்டின்மேல் காற்றாலை எழுந்ததை நவீனத்தின் அத்துமீறல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வடவெல்லையாகவும் குமரியைத் தென்னெல்லையாகவும் தொல்காப்பியத்தின் பாயிரம் வகுத்தது. அந்தத் தென்னெல்லையில், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில், வானம் தெரியாதபடி என்று சொல்லத்தக்க அளவுக்குக் காற்றாலைகள் நெருங்கி நிற்கின்றன. நாட்டின் மாதிரிக் காற்றாலைத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில் ஆந்திரத்தில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில இடங்களுள் திருமலையும், அதனை அடுத்த காகுலகொண்டாவும் இருந்தன. எல்லை வகுத்த பழம்புலவர் காற்றை எண்ணி வகுக்கவில்லை என்பது வெளிப்படை. ஆயினும் மலை முடிகிற இடமும் நிலம் முடிகிற இடமுமே காற்று வலுத்து வீசுகிற இடங்களாகவும் அமைவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை அறிந்துகொண்டால் காற்று மின்சாரத்தின் சாஸ்திரத்தில் பாதி விளங்கிவிடும்.

காற்று என்பது இடம்பெயரும் வெயில். சூரியனுடைய வெப்பம் பூமியின்மீது ஒரே சீராக விழுவதில்லை. விழுந்த வெப்பத்தையும் மண்ணும் நீரும் ஒரே விதமாக ஏற்பதில்லை. கோடையில் இந்திய நிலப்பரப்பு கொதித்து, அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்புவதற்குக் குளிர்ந்த சமுத்திரத்தின் மேலிருந்து கனத்த காற்று விரைந்து வருகிறது. பூமி சுழல்வதால் அதன் பாதை வளைந்து, தென்மேற்கிலிருந்து வருவதாக அமைகிறது. நம் முன்னோர் இதன் காரணத்தை ஆராய்ந்தார்களோ இல்லையோ, திசையைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கு தென்றல், மேற்கு கோடை என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தனிப்பெயர் சூட்டியது வெறும் கவிதை விருப்பத்தால் மட்டும் அன்று. கடலோடிக்கும் உழவனுக்கும் அந்தப் பெயர்கள் பஞ்சாங்கம்போல் உபயோகமாயின.

இப்படிப் பரந்து வருகிற காற்று ஒரு மலைத்தொடரை எதிர்கொள்ளும்போது, அது நின்றுவிட முடியாது. மேலே ஏறியாகவேண்டும், அல்லது இடைவெளி கண்ட இடத்தில் புகுந்து போகவேண்டும். வாய்க்காலின் அகலம் குறுகுகிற இடத்தில் தண்ணீர் விரைந்து பாய்வதைக் கண்டிருக்கிறோம். அதே நியாயப்படி, பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் மேற்கு மலைத்தொடரின் இடுக்கில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு வேகம் பெறுகிறது; திருமலையிலோ கணவாய் இல்லை, முகடுதான். சரிவில் ஏறும் காற்று முகட்டைத் தாண்டுகையில் தனக்கு மேலுள்ள காற்றடுக்குக்கும் கீழுள்ள பாறைக்கும் இடையே ஒடுங்கி, அந்தக் குறுகிய இடத்தில் விரைகிறது. சித்தூர்ப் பக்கத்துச் சமவெளியில் ஒரு மாந்தோப்பின் நடுவே இதே யந்திரத்தை நட்டால் அது பாதி நாள் வேடிக்கைப் பொருளாகத்தான் நிற்கும். அங்கே உள்ள குடியானவனுக்குக் காற்று என்றாலே சித்திரை, வைகாசியில் கோடைமழையோடு வந்து, பழுப்பதற்கு முன்பே கிளிமூக்கு மாங்காய்களை உதிர்த்துப்போட்டு நஷ்டம் விளைவிக்கிற சூறை. ஒருநாள் அடித்து மறுநாள் ஒழியும் அந்தக் காற்றால் யந்திரத்துக்குப் பிரயோஜனம் இல்லை. ஆந்திர மாநிலத்தின் காற்றாலைகளில் மிகப் பெரும்பகுதி அனந்தபூர், கர்நூல், கடப்பை ஜில்லாக்களின் மேட்டு நிலங்களில் இருப்பதும், சித்தூரின் பங்கு சொற்பமாயிருப்பதும் இதனால்தான்.

வேகத்தை இவ்வளவு பெரிதாகச் சொல்வானேன் என்று கேட்கலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து கிடைக்கும் சக்தியும் இரட்டிக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. உண்மையில் அது எட்டு மடங்காகிறது. மலையடிவாரத்து அலிபிரியின் வாயிலில் நின்றுகொண்டு, படியிறங்கி வரும் ஜனக்கூட்டத்தைக் கவனிப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் இருமடங்கு வேகத்தில் ஓடிவந்தால், ஒரு நிமிஷத்தில் நம்மைக் கடக்கிறவர்களின் எண்ணிக்கை இருமடங்காகிறது. அவர்களில் ஒவ்வொருவரும் நம்மேல் மோதினால் அந்த மோதலின் சக்தியோ நான்கு மடங்காக இருக்கும். இரண்டும் நான்கும் பெருகி எட்டு. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே சுமார் 39 வாட் சக்தியைச் சுமந்துபோகிறதென்றால், 8 மீட்டர் வேகத்தில் அதே பரப்பில் 314 வாட் போகிறது. (இது கடல்மட்டத்துக் கணக்கு, ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்திலுள்ள திருமலையில் காற்று சற்று மெலிந்திருப்பதால் நூற்றுக்கு எட்டுப் பங்கு போலக் குறையும்.)

ஆகவே காற்றாலை கட்டுகிறவர்களுடைய முதல் வேலை யந்திரம் வாங்குவதன்று, அளப்பது. வேகத்தைப் பத்துச் சதவிகிதம் கூட்டி மதிப்பிட்டுவிட்டால் சக்தியைச் சுமார் முப்பத்துமூன்று சதவிகிதம் கூட்டி மதிப்பிட்டவர்களாகிறோம். கணக்கில் வந்த லாபம் களத்தில் கடனாகிவிடும். இந்த அளவைக்கு இந்தியாவில் அஸ்திவாரம் போட்டவர்களை நினைக்கும்போது அன்னா மாணி அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பெங்களூரில் சி. வி. ராமனுடைய ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்து, பின்னர் வானிலை இலாகாவில் கருவிகள் செய்வதையே தவமாகக் கொண்ட அந்த அம்மையார், ஓய்வுபெற்ற பிறகும் ஓயாமல், நாடெங்கும் காற்றின் வேகத்தை அளந்து தொகுக்கும் பணியில் ஈடுபட்டு, 1983-இல் இந்தியக் காற்றுச்சக்தி விவரங்களை நூலாக வெளியிட்டார். மேலைநாட்டு ஆராய்ச்சியாளருக்கு நாம் எளிதில் கொடுக்கும் புகழில் கால்பங்கைக்கூட அவருக்கு நாம் கொடுத்ததாகத் தெரியவில்லை. இன்று இந்த அளவைப் பணியைச் செய்யும் தேசிய காற்றுச்சக்தி நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிறது.

இனி யந்திரத்துக்கு வருவோம். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது சோம்பேறித்தனமாகச் சுழல்வதாகத் தோன்றும்; ஆனால் 30 மீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கை நிமிஷத்துக்கு இருபது சுற்றுச் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறது. இறக்கை காற்றின் தள்ளுதலால் சுழல்வதாக நினைப்பது பனையோலைக் காற்றாடி கற்றுக்கொடுத்த பாடம். பெரிய யந்திரத்தில் நடப்பது வேறு. ஆகாய விமானத்தின் சிறகுபோல் ஒருபுறம் வளைந்தும் மறுபுறம் தட்டையாகவும் செதுக்கப்பட்ட இறக்கையின்மேல் காற்று வழுக்கி ஓடும்போது இரு பக்கத்து அழுத்தமும் வேறுபட, அந்த வேறுபாடு இறக்கையை ஒரு பக்கமாக இழுக்கிறது. விமானத்தை மேலே தூக்குகிற அதே விசை இங்கே சக்கரமாகச் சுழற்றுகிறது. கோபுரத்தின் உச்சியிலுள்ள பெட்டிக்குள், இந்த மெதுவான சுழற்சியைப் பற்சக்கரங்கள் பன்மடங்கு பெருக்கி, நிமிஷத்துக்கு 1500 சுற்று என்ற அளவுக்குக் கொண்டுவந்து ஜெனரேட்டரிடம் ஒப்படைக்கின்றன. பற்சக்கரமே இல்லாமல் பெரிய வளையம்போன்ற ஜெனரேட்டரை நேராகச் சுழற்றும் வகையும் உண்டு. காற்று எந்தத் திசையில் வருகிறதென்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், காற்று மிஞ்சினால் இறக்கைகளைத் தன் அச்சில் திருப்பி அதன் பிடியிலிருந்து நழுவவும் யந்திரத்துக்குத் தெரியும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழித்துக்கொண்டு, 12 மீட்டர் அளவில் முழு ஆற்றலை எட்டி, 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுவது பொதுவான வழக்கம்.

மூன்றே இறக்கைகள் போதுமா, இடையிலே இவ்வளவு காற்று வீணாகப் போகிறதே, நிறைய இறக்கைகள் வைத்தால் எல்லாக் காற்றையும் பிடித்துவிடலாமே என்று கேட்காதவர்களை நான் கண்டதில்லை. 1888-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்ல்ஸ் பிரஷ் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் 144 மர இறக்கைகள் கொண்ட பிரம்மாண்டமான சக்கரத்தை நிறுத்தி, அதிலிருந்து பெற்றது 12 கிலோவாட்தான். இதன் ரகசியம் அறிய வேறெங்கும் போகவேண்டாம். திருமலைச் சந்நிதிக்குப் போனாலே போதும். பல மணி நேரம் காத்திருந்து உள்ளே நுழைந்தவன் ஒரு கணம் நின்று சேவிக்க முயல்வதற்குள் 'ஜரகண்டி, ஜரகண்டி' என்ற குரல் எழுந்து அவனை நகர்த்துகிறது. நமக்கு மனத்தாங்கல்தான்; ஆனால் தரிசித்தவன் நகராவிட்டால், பின்னே வருகிறவன் உள்ளே வருவதெப்படி? இறக்கையைக் கடந்த காற்றிலிருந்து சக்தி முழுவதையும் கறந்துவிட்டால் அது அங்கேயே அசையாமல் நின்றுவிடும், நின்ற காற்று அடுத்த காற்றுக்கு வழிவிடாது. எனவே யந்திரம் தன்னிடம் வந்த காற்றுக்கு நகர்ந்துபோவதற்கான சக்தியை மிச்சம் வைத்தே அனுப்பவேண்டும். எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பெர்ட் பெட்ஸ் கணக்கிட்டு, நூற்றுக்கு 59.3 பங்குக்கு மேல் எந்தச் சமர்த்தனாலும் எடுக்க முடியாது என்று நிரூபித்தார். மேற்சொன்ன 30 மீட்டர் இறக்கை வீசும் வட்டத்தின் வழியே, 8 மீட்டர் வேகக் காற்று 890 கிலோவாட் அளவு சக்தியோடு போகிறது. பெட்ஸ் அனுமதிப்பது 525. உராய்வும் பிற குறைகளும் போக நம் கைக்கு வருவது 400-க்குச் சற்றுக் குறைவு.

'800 கிலோவாட் காற்றாலை' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தால் அது எப்போதும் 800 கிலோவாட் கொடுக்கும் என்று கொள்ளக்கூடாது. அது வல்லமையின் உச்சம், வழக்கம் அன்று. அந்த அளவுள்ள யந்திரம் ஒன்று அண்மையில் திருமலைக்குக் காணிக்கையாகவே வந்தது. உண்டியலில் பொன்னும் பணமும் போடுவதைக் கண்ட நமக்கு, காற்றாலையைக் காணிக்கையாகச் செலுத்தும் பக்தி புதியதுதான். ஆண்டின் 8760 மணி நேரமும் முழு ஆற்றலோடு சுழன்றால் அது 70 லட்சம் யூனிட் மின்சாரம் தரவேண்டும். நல்ல இடத்தில்கூட அதில் கால்பங்கு, அதாவது 17 லட்சத்துச் சொச்சம், கிடைத்தால் திருப்தியடையலாம். மாதம் 150 யூனிட் செலவழிக்கிற குடும்பங்கள் ஏறத்தாழ ஆயிரத்துக்கு இது போதும். இரவும் பகலும் விளக்கும் அடுப்பும் அணையாத திருமலையின் தேவை முழுவதும் இதனால் தீர்ந்துவிடாது. தீர்ந்துவிட்டதாகச் சொல்லுகிற உற்சாகிகளும், இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

காற்றாலையின் மெய்யான சங்கடம் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதை மின்வாரியத்தின் கணக்கேடுகள் இன்று எண்களால் சொல்லுகின்றன: ஆனி முதல் ஆவணி வரை பொழிகிற காற்று மின்சாரம், பருவம் மாறியதும் படுத்துவிடுகிறது. திருமலையிலோ ஜனங்கள் பொங்கிவழிவது புரட்டாசியில், பிரம்மோற்சவத்தில். விளக்கலங்காரம் மலையைப் பகலாக்கும் அந்த நாட்களில் தென்மேற்குப் பருவம் தளர்ந்து காற்று விடைபெறத் தொடங்கியிருக்கும். ஸ்வாமிக்கு உற்சவம் வரும்போது வாயுவுக்கு ஓய்வுக்காலம். காற்று மிகுந்த மாதத்து மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்குக் கொடுத்து, குறைந்த மாதத்தில் அதே கம்பியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டினால் இந்தச் சங்கடம் ஒருவாறு சமாளிக்கப்படுகிறது. ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் கொடுக்கவும் ஒரே மாதத்தில் கேட்கவும் தொடங்கினால், கம்பி எங்கே போகும்? வெயிலும் காற்றும் நீர்த்தேக்கமும் பாட்டரியும் சேர்ந்தே இதற்கு விடை காணவேண்டும்.

இந்தக் கவலை புதியதன்று. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் 1887-இல் தம் விடுமுறைக் குடிலில் காற்றால் முதன்முதலாக மின்விளக்கு ஏற்றியபோது, மிச்சமிருந்த மின்சாரத்தை ஊர்த்தெருவுக்குத் தருவதாகச் சொல்ல, இது பிசாசின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்களாம். டென்மார்க்கில் ஆஸ்கவ் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் பௌல் லா கூர், 1891 முதல், காற்று வீசும்போது கிடைத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து, காற்றில்லாத இரவில் அதைக் கொளுத்திப் பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். இன்று பெரிய தேசங்கள் புதுமை என்று பேசும் யோசனை அது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி உலகத்தைக் கலக்கிய பிறகே இத்தகையோரின் கனவுகளுக்கு மதிப்பு வந்தது. இந்தியாவில் 1986-இல் தூத்துக்குடியிலும் குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் 55 கிலோவாட் அளவுள்ள சிறு யந்திரங்களோடு தொடங்கிய முயற்சி, 2025 மார்ச்சில் 50,000 மெகாவாட்டை எட்டியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 11,000 மெகாவாட்டுக்கு மேல்.

தூய சக்தி என்கிறார்களே, முற்றும் தூயதா? நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் செய்யும்போது, சுரங்கம் முதல் சாம்பல் வரை எல்லாவற்றையும் கணக்கிட்டால், 820 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறதென்றும், காற்றாலையில் எஃகும் சிமெண்டும் செய்த பாவத்தையெல்லாம் சேர்த்தாலும் 11 கிராம்தான் என்றும் பருவநிலை பற்றிய சர்வதேசக் குழு 2014-இல் மதிப்பிட்டது. இந்த வித்தியாசத்துக்கு முன் வாதம் நிற்காது. ஆயினும் கண்ணாடி இழையால் ஆன இறக்கைகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயுள் முடிந்து கழிக்கப்படும்போது அவற்றை உருக்கி மறுபடி வார்க்க எளிய வழி இல்லை. பருந்தும் கழுகும் வட்டமிடும் முகடுகளும், காற்று வலுத்து ஓடும் முகடுகளும் பெரும்பாலும் ஒன்றே. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. உலகில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத செம்மரமும் பொன்னிறப் பல்லியும் வாழுமிடம். அங்கே இன்னொரு கோபுரம் எழுப்புவதற்கு வெட்டவேண்டிய பாதை எத்தனை மரங்களைக் கேட்கும் என்பதையும் அளக்கவேண்டும். காற்றை மட்டும் அளந்தால் போதாது. முப்பந்தலின் பொட்டலில் நூறு காற்றாலை நிற்பதும் இந்தக் காட்டில் பத்து நிற்பதும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம்.

சென்ற முறை நான் போனது புரட்டாசியில். பாபவிநாசனப் பாதையில் டீக்கடை ஒன்றின் ஓரமாக நின்று பார்த்தேன். கூட்டம் அலைமோதியது, முகட்டின்மேல் மூன்று கைகளும் அசையாமல் இருந்தன. பால் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த கடைக்காரர், எங்கள் பேச்சிலிருந்து ஊரைக் கண்டுகொண்டு தமிழிலேயே கேட்டார்: "என்ன சாமி, அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஏன் ஓடவில்லை என்று பார்க்கிறேன், ரிப்பேரோ என்னவோ" என்றேன்.

அவர் யந்திரத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து நேர்க்கோடாக மேலே போய்க்கொண்டிருந்த புகையைக் கரண்டியால் சுட்டினார். "ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆடியில வாங்க, இங்க நின்னு டீ குடிக்க முடியாது" என்றார்.